ஏரியும் கேமராவும்: பழங்குடி மக்களின் தண்ணீரைப் படமெடுக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்து ஏரிக்கரைகளில் உள்ள இருளர் குடியிருப்புகளுக்குப் பல ஆண்டுகளாகக் கேமராவோடு போய்வருகிறேன். நீலகிரிக்கும் குமரி மலைகளுக்கும் அவ்வப்போது போவதுண்டு. புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். சில பதில்கள் நீளமானவை. அவை நான் தவறு செய்து கற்றுக்கொண்ட இடங்கள்.

தண்ணீரையும் பழங்குடி மக்களையும் சேர்த்து நினைத்தால், தலையில் குடத்தோடு வரிசையாக நடந்துவரும் பெண்கள்தான் கண்ணுக்கு வருகிறார்கள். அதையே எடுத்தால் போதாதா?

அந்தப் படத்தை நானும் எடுத்திருக்கிறேன். மாலை வெயில், வரப்பு, ஐந்து பெண்கள், ஐந்து குடங்கள். பார்த்தவர்கள் எல்லாரும் அழகு என்றார்கள், சிலர் பாவம் என்றார்கள். அந்தப் பெண்கள் ஏன் நடக்கிறார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாதபடிதான் நான் எடுத்திருந்தேன். ஊருக்குள் மேல்நிலைத் தொட்டி இருந்தது. அதிலிருந்து குடியிருப்பு வரை குழாய் போடவில்லை. தொட்டியும் இல்லை, குழாய் நின்றுபோன இடமும் இல்லை என்றால் அந்தப் படத்தில் மிஞ்சுவது நடை மட்டும்தான்.

ஒரு மக்களுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவில் தாகம் ஒரு பகுதி. பிழைப்பு இருக்கிறது, சாமி இருக்கிறது, விளையாட்டு இருக்கிறது, பயமும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கேள்வி கிடக்கிறது: இந்தத் தண்ணீரில் யார் கைவைக்கலாம், யார் வைக்கக் கூடாது? அந்தக் கேள்வி தெரிகிற படம்தான் எனக்கு வேண்டும். அதை எடுப்பது கடினம். அதற்காகத்தான் மற்ற கேள்விகளும்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது?

தண்ணீரிலிருந்து. மனிதர்களின் முகத்துக்கு முன்பு தண்ணீரின் முகவரியை விசாரியுங்கள். ஏரி என்றால் நீர் வந்து சேரும் வரத்துக்கால் எங்கே, மதகு எத்தனை, நிறைந்தால் நீர் வழியும் கலங்கல் எந்தப் பக்கம், உபரி எந்த ஏரிக்குப் போகிறது என்று கரையோடு ஒரு முறை முழுதாக நடந்து பாருங்கள். முதல் நாள் கேமராவைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். மலையூர் என்றால் வீட்டுக்கு வரும் கறுப்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுங்கள். அது ஏதாவது ஒரு ஊற்றில் போய் முடியும். பெரும்பாலும் ஒரு மரத்தின் அடியில், ஈரக் கல்லும் பாசியுமாக, இரண்டு கை அகலத்தில் இருக்கும். அவ்வளவுதானா என்று உங்களுக்குத் தோன்றலாம். முப்பது குடும்பம் அதை நம்பியிருக்கும்.

கூட வரும் பெரியவரிடம் ஒவ்வொரு இடத்தின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வரைபடத்தில் பெயரே இல்லாத ஒரு பள்ளத்துக்கு அவர்களிடம் பெயர் இருக்கும், அந்தப் பெயருக்கு ஒரு கதையும் இருக்கும். பிற்பாடு நீங்கள் எழுதப்போகும் படக்குறிப்பின் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

இருளர்களைப் பற்றிச் சொல்லுங்கள். பாம்பு பிடிப்பவர்கள் என்றுதான் எங்களுக்குத் தெரியும்.

மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உலகப் புகழ் பெற்றது. விஷமுறிவு மருந்துக்கான நஞ்சை எடுத்துத் தருகிறவர்கள் அவர்கள். ஆனால் சமவெளி இருளர்களில் மிகப் பெரும்பாலோரின் நாள் பாம்போடு கழிவதில்லை. விறகு வெட்டு, செங்கல் சூளை, அரிசி ஆலை, வயல் வேலை, இவற்றுக்கு நடுவே ஏரி. ஏரியில் மீன், நண்டு, நத்தை. கரையில் கீரை, கிழங்கு.

கோடையில் ஒரு முறை நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஏரியில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கியிருந்தது. ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக இறங்கி, கழுத்தளவு நனையும்படி குந்திக்கொண்டு, இரண்டு கைகளையும் சேற்றின்மேல் விரித்துத் தடவியபடி மெல்ல மெல்ல நகர்ந்தார்கள். கண் எங்கோ பார்க்கிறது, கைதான் பார்க்கிறது. கெளுத்தி என்றால் முள் எந்தப் பக்கம் என்று விரலுக்குத் தெரியும். தேளி என்றால் கையை எடுத்துவிடுவார்கள், குத்தினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும். விரால் சேற்றுக்குள் புதைந்திருக்கும், ஆனால் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். தண்ணீர் மேல் வரும் அந்தச் சின்னச் சுழிப்பைப் பார்த்ததும் நடுவில் இருந்த ஆயா ஒரு காலை மட்டும் மெதுவாக நகர்த்தி, கால்விரலால் மீனை உணர்ந்து, அப்புறம்தான் கையை இறக்கினார். செவுளைப் பிடித்துத் தூக்கியபோது முழங்கை நீளம் இருந்தது. இடுப்பில் கயிறு கட்டி மிதக்கவிட்ட அலுமினியக் குண்டானுக்குள் போட்டு, மேலே ஈரத்துணியை மூடினார்.

நான் கரையில் நின்று நீள லென்ஸில் எடுத்துக்கொண்டிருந்தேன். பிற்பாடு பார்த்தால் எல்லாப் படத்திலும் வெறும் தலைகள். வேலை செய்தது கை, அது தண்ணீருக்கு அடியில். மறுநாள் நானும் இறங்கினேன். குந்திக்கொண்டு, கண்மட்டத்தில், மீன் கைக்கு வருகிற அந்த நொடியில் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்தேன். கண் ஒரு கணம் மூடித் திறக்கிறது. நான் எடுத்ததில் எனக்கு இன்னும் பிடித்த படம் அதுதான்.

அந்தப் படத்தில் "உரிமை" எங்கே தெரிகிறது?

தெரியவில்லை. அதனால் இன்னொரு படமும் தேவைப்பட்டது.

அந்த ஏரியின் மீன்பாசி உரிமை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஆண்டுதோறும் ஏலம் போகும். எடுத்தவர் குஞ்சு விடுவார், ஆள் வைத்துக் காவல் காப்பார், வலை இழுப்பார். குத்தகை நாளில் இருளர் ஒருவர் குழம்புக்கு நாலு கெண்டை பிடித்தாலும் அது திருட்டு. குத்தகைதாரர் கடைசி வலையை இழுத்துவிட்டுப் போன பிறகு, சேற்றில் மிச்சம் இருப்பதைத் தடவி எடுக்கலாம். நான் பார்த்த அந்தப் பெண்கள் எடுத்ததும் அந்த மிச்சம்தான். தலைமுறை தலைமுறையாக அந்தக் கரையில் வாழ்கிறவர்கள் ஏலத்துக்குக் கட்ட வேண்டிய தொகையைக் கேட்டால் பேசாமல் எழுந்து போய்விடுகிறார்கள்.

ஆகவே ஏலம் நடந்த நாளில் போனேன். ஒரு மேசை, சில நாற்காலிகள், வெள்ளை வேட்டி கட்டிய பத்துப் பேர். இருளர்கள் எட்டத்தில், புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் அவர்களைத் துரத்தவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. மேசையிலிருந்து மரத்துக்கு இருந்த அந்த இடைவெளிதான் படம். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட அதில் இல்லை. தண்ணீரைப் பற்றி நான் எடுத்ததில் அதைவிடத் தெளிவான படம் என்னிடம் கிடையாது.

இங்கே ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்வோருக்கு நீர்நிலைகளின் மீன் முதலிய விளைபொருள்கள் மீது சமூக உரிமை உண்டு என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் அது வனநிலத்துக்கான சட்டம். காட்டை விட்டு என்றோ இறங்கி வந்து, புறம்போக்கு ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கும் சமவெளி இருளருக்கு அது கைகொடுப்பதில்லை. படமெடுக்கிறவருக்குச் சட்டம் எதற்கு என்று கேட்காதீர்கள். இது தெரிந்திருந்தால்தான் அந்த மேசை கண்ணில் படும்.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போனால் நல்ல படங்கள் கிடைக்குமாமே?

கிடைக்கும். கடற்கரையில் சேலைகளைக் கட்டி மறைத்த தற்காலிகக் குடில்கள், விடிகாலையில் கன்னியம்மனுக்குப் படையல், அங்கேயே பேசி முடியும் கல்யாணங்கள். இருளர்கள் தங்களுக்காகக் கூடும் நாள் அது. இப்போது அலைக்கு இணையாகக் கேமராக்களும் நிற்கின்றன. போக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். போனால், அங்கே பார்த்த குடும்பம் எந்த ஊர் ஏரிக்கரைக்குத் திரும்புகிறது என்று கேட்டு, அடுத்த மாதம் அங்கே போங்கள். கடலில் ஒரு நாள் கும்பிடும் தெய்வத்துக்கும் ஊரில் வருடம் முழுதும் தொட முடியாத ஏரிக்கும் இடையில்தான் அவர்கள் வாழ்க்கை இருக்கிறது.

எங்களைப் பார்த்ததும் ஒதுங்குகிறார்கள். கேமரா என்றால் ஏன் இவ்வளவு தயக்கம்?

காரணம் பழையது. 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மூக்கையும் மண்டையையும் உயரத்தையும் அளந்தார், படம் எடுத்தார். அவரே இரண்டு செய்திகளை எழுதிவைத்திருக்கிறார். வயநாட்டுப் பணியர் பெண்கள், தங்களில் நல்ல உடற்கட்டு உள்ளவர்களைப் பஞ்சடைத்து அருங்காட்சியகத்தில் நிறுத்தப்போகிறார் என்று நம்பினார்களாம். நீலகிரியில் போலீஸ் தேடிக்கொண்டிருந்த ஓர் இருளர், உயரம் அளக்கும் கம்பத்தைப் பார்த்து அது தூக்குமரம் என்று சொல்லி அளக்கவிடவே மறுத்துவிட்டாராம். தர்ஸ்டன் இதை வேடிக்கையாக எழுதினார். எனக்கு அந்த இருளரின் பயம் மிக நியாயமாகப் படுகிறது.

அந்தப் பயம் இன்றும் போகவில்லை. எங்கோ நடந்த திருட்டுக்காக நள்ளிரவில் வீடு புகுந்து அழைத்துப் போகப்பட்ட கதை பல குடியிருப்புகளில் உண்டு. சூளையிலோ ஆலையிலோ கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பழைய முதலாளி தன் முகத்தைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்துவிடுவான் என்று அஞ்சுகிறவருக்கு உங்கள் படம் ஒரு துப்பு. ஆகவே முகம் கேட்கும் முன் அந்தக் குடும்பம் எங்கிருந்து, எப்போது, ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். சில வீடுகளில் நான் இன்றுவரை கைகளை மட்டும்தான் எடுக்கிறேன்.

அனுமதி எப்படிக் கேட்க வேண்டும்? கையெழுத்து வாங்க வேண்டுமா?

கையெழுத்து உங்களைக் காப்பாற்றும், அவர்களைக் காப்பாற்றாது. படிக்கத் தெரியாதவரிடம் காகிதத்தை நீட்டிக் கைநாட்டு வாங்குவது, கடன் பத்திரத்தில் கைநாட்டு வாங்கியவன் செய்த அதே செயலாக அவருக்குத் தோன்றும். அச்சடித்த படத்தையோ பழைய இதழையோ கையில் எடுத்துப் போங்கள். இப்படித்தான் வரும், இத்தனை பேர் பார்ப்பார்கள், கீழே இப்படி எழுதியிருக்கும் என்று காட்டுங்கள். கூட்டாகக் கேளுங்கள், பிறகு தனியாகவும் கேளுங்கள். தலைவர் சரி என்றதால் மருமகளும் சரி என்று அர்த்தம் ஆகாது. வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்காதீர்கள்.

எந்தச் சூழ்நிலையிலும் போகக் கூடாத இடங்களும் உண்டு. அந்தமானின் ஜாரவா உள்ளிட்ட மக்களைப் படமெடுப்பது 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி தண்டனைக்குரியது. 2012இல் அதை இன்னும் கடுமையாக்கினார்கள்.

பிளாஸ்டிக் குடம், கட்சிக்கொடி, கிரிக்கெட் பனியன் எல்லாம் படத்தைக் கெடுக்கின்றன. ஒதுக்கி வைத்துவிட்டு எடுக்கலாமா?

கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

அமெரிக்காவில் எட்வர்ட் கர்டிஸ் என்ற புகைப்படக்காரர் 1907 முதல் 1930 வரை அந்நாட்டுப் பூர்வகுடிகளைப் பற்றி இருபது தொகுதிகள் கொண்டுவந்தார். அழகில் அவற்றுக்கு ஈடு குறைவு. அதில் 1910ஆம் ஆண்டுப் படம் ஒன்று. ஒரு கூடாரத்துக்குள் பீகன் மக்களில் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். எடுத்தபோது அவர்களுக்கு நடுவில் ஒரு கடிகாரம் இருந்தது. வெளியிட்டபோது கடிகாரத்தை அழித்துவிட்டார். பழங்குடி என்றால் காலத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றிய அழகு. கடிகாரத்தோடு அந்த இருவரின் நிகழ்காலமும் போய்விட்டது.

நம்மூரில் பிளாஸ்டிக் குடம்தான் தண்ணீரின் வரலாறு. மண்குடமும் பித்தளைக் குடமும் கனமானவை, வரிசையில் இடம்பிடிக்க உதவாதவை. லாரித் தண்ணீர் வந்ததும் ஒரே நேரத்தில் நான்கைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தபோது நெகிழிக் குடம் வீட்டுக்கு வந்தது. குடத்தில் ஒட்டு போட்டிருந்தால் அதை எடுங்கள். எந்த வீட்டுக் குடம் என்று தெரிய ஆணியால் கீறிய எழுத்து இருந்தால் கிட்டப் போய் எடுங்கள்.

நீலகிரியில் தோடர் பழங்குடியினரின் மந்துகளுக்கு, அதாவது குடியிருப்புகளுக்கு, போகலாம் என்றிருக்கிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

தோடர்கள் இரண்டாயிரம் பேர் அளவில்தான் இருக்கிறார்கள், பார்க்க வருகிறவர்களோ எண்ணிக்கையில் அடங்கமாட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு ஏறுங்கள்.

அவர்களுடைய கோயில் பால்மடமும்கூட, எருமைப் பாலைக் கடையும் இடம். எருமைப் பாலோடு தொடர்புடைய சடங்குக்கு ஒரு நீர், வீட்டுப் புழக்கத்துக்கு ஒரு நீர் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரே ஓடையாக இருந்தாலும் மேல்பக்கம் கோயிலுக்கு, கீழ்ப்பக்கம் வீட்டுக்கு. சுற்றுலா வந்தவர் தெரியாமல் மேல்பக்கத்தில் காலை வைத்துவிட்டால் அந்த நீரின் தூய்மை போய்விடும். கோயிலுக்குப் பெண்கள் போவதில்லை, வெளியாட்களும் போகக் கூடாது. எங்கே நிற்கலாம் என்று முதலிலேயே கேட்டு, அந்தக் கோட்டைத் தாண்டாமல் எடுப்பதை எடுங்கள். கோயில் நீரைப் படமாக எடுக்காமல் விடுவதும் அதன்மேல் வைக்கும் மரியாதைதான்.

நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட குறிப்புகளில் ஒரு செய்தி உண்டு: பைக்காரா ஆற்றையும் அவலாஞ்சி ஆற்றையும் கடக்கும்போது தோடர் ஆண் தன் புத்துக்குளிப் போர்வையிலிருந்து வலது தோளை வெளியே எடுத்து வணங்குவார். அவர்களுக்கு அந்த ஆறுகள் தெய்வங்கள். அதே பைக்காராவில் 1932இல் மின் உற்பத்தி தொடங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில், கனடாவின் உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் எழுந்து, அவலாஞ்சியும் எமரால்டும் மேல்பவானியும் நீர்த்தேக்கங்கள் ஆயின. புல்வெளியில் சீகையும் யூகலிப்டஸும் நட்டதில் எத்தனையோ சதுப்புகள் வற்றின. இன்று பைக்காரா படகுத்துறையில் டிக்கெட் எடுத்துச் சவாரி போகிறோம். அந்தப் படகுத்துறையைத்தான் நான் எடுக்கச் சொல்வேன், ஒரு தோடர் பெரியவர் அந்த நீரைப் பற்றி என்ன சொல்கிறாரோ அதைக் கீழே எழுதி.

அணையால் இழந்ததை எப்படிக் காட்டுவது? மூழ்கிப்போன இடம் கண்ணுக்குத் தெரியாதே.

கோடையில் நீர் இறங்கும் வரை காத்திருங்கள். குமரியில் கோதையாற்றின் குறுக்கே 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை, நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு உயிர் கொடுத்தது உண்மை. காணிக்காரர் என்ற பழங்குடியினர் வாழ்ந்த காட்டுக்குள்தான் அந்த நீர் ஏறியது என்பதும் உண்மை. சில குடியிருப்புகளிலிருந்து ரேஷன் கடைக்கும் பள்ளிக்கும் படகில்தான் வர வேண்டும். நோயாளியை இறக்குவதும் அப்படியே. நான் அங்கே எடுத்தது காலை ஏழு மணிப் படகு. சீருடை, புத்தகப்பை, மடியில் செருப்பு. அந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் பள்ளிக்குப் போகும் பாதை. காற்று பலமாக இருந்தால் அன்று பள்ளி இல்லை.

நஞ்சும் இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாது. கனடாவின் ஒன்டாரியோவில் 1962 முதல் 1970 வரை ஒரு காகித ஆலை சுமார் 9 டன் பாதரசத்தை ஆற்றில் விட்டது. கீழே வாழ்ந்த கிராஸி நாரோஸ் என்ற அனிஷினாபே மக்களின் உணவும் வேலையும் மீன்தான். ஆறு அப்போதும் அழகாக ஓடியது, இப்போதும் ஓடுகிறது. அங்கே நீரை மட்டும் எடுத்தால் சுற்றுலா அட்டைதான் கிடைக்கும். கையில் நடுக்கத்தோடு மீன் கழுவும் ஒருவரையும், மீனை உண்ண வேண்டாம் என்ற அறிவிப்பையும், அதே ஆற்றையும் அடுத்தடுத்து வைத்தால்தான் விஷயம் விளங்கும். தண்ணீர்ப் பிரச்சினையை ஒற்றைப் படத்தில் சொல்ல முயன்று தோற்றவர்களில் நானும் ஒருவன். படத்தொடர்தான் சரி.

குளிக்கும் காட்சிகள்?

பெண்கள் குளிக்கும் துறைக்குக் கேமராவோடு போகாதீர்கள். தனிமையை எதிர்பார்க்கும் இடத்தில் ஒரு பெண்ணைப் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் இதுதான். மதகிலிருந்து குதிக்கும் சிறுவர்கள் எல்லாருக்கும் பிடித்த படம். ஆடையின்றி இருந்தால் எடுக்காதீர்கள், ஆடையோடு இருந்தாலும் வீட்டில் காட்டிச் சரி கேட்டபிறகே வெளியிடுங்கள். உங்கள் தெருக் குழந்தையை இப்படி எடுத்துப் போடுவீர்களா என்று நினைத்துப் பார்த்தாலே போதும்.

என்ன கேமரா, என்ன லென்ஸ்?

கையில் இருக்கும் கைபேசி போதும். 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று இருந்தால் நல்லது, அது உங்களை அருகில் போகவைக்கும். நீர்ப்பரப்பின் பளபளப்பை அகற்றும் போலரைசர் வடிகட்டியை எப்போதும் மாட்டிக்கொண்டே திரியாதீர்கள். அடியில் உள்ள கையும் மீனும் தெரிய வேண்டும் என்றால் மாட்டுங்கள். கரையிலுள்ள வீடும் மின்கம்பமும் நீரில் விழுந்து தெரிவதே விஷயம் என்றால் கழற்றிவிடுங்கள். ஏரியில் காலை எட்டு மணிக்கு மேல் கண்கூசும் வெள்ளைதான். அதற்கு முன்பே, வேலைக்குப் போகிறவர்கள் புறப்படும் முன் போய்ச் சேருங்கள். கேமராவுக்குத் தடித்த பாலித்தீன் பை, உங்களுக்கு மாற்றுத்துணி. மலையில் அட்டைக்கு உப்பு.

ட்ரோனைப் பற்றியும் கேட்பார்கள். ஏரி நிறைந்து கிடப்பதைக் காட்ட உயரம் உதவும்தான். ஆனால் குடிசைகளின் மேல் பறக்கும் அந்த ஓசை அங்கே நில அளவையரையும் இடிக்க வருகிறவர்களையும் நினைவூட்டுகிறது. நான் விட்டுவிட்டேன்.

பணம் கொடுக்கலாமா?

நீங்கள் எடுத்த நேரத்தில் அவருடைய அரைநாள் கூலி போயிருந்தால் அந்தக் கூலியைக் கொடுங்கள், முன்கூட்டியே பேசிவிட்டுக் கொடுங்கள். இப்படி நில், அப்படிச் சிரி என்று சொல்லி அதற்குக் காசு கொடுக்காதீர்கள். வழிகாட்டியாக வருகிறவருக்கு நகரத்தில் ஒரு வழிகாட்டிக்கு என்ன கொடுப்பீர்களோ அதையே கொடுங்கள்.

படக்குறிப்பில் என்ன எழுதுவது? இடத்தைச் சொல்லலாமா?

"தண்ணீருக்குத் தவிக்கும் பழங்குடிப் பெண்" என்று எழுதாதீர்கள். அவர் விரும்பினால் பெயர், என்ன செய்துகொண்டிருக்கிறார், எந்த மீன், எந்த மாதம், நீர் எவ்வளவு இருந்தது, ஏன். அவர் அந்த நீரை எப்படி அழைக்கிறார் என்பதும் வேண்டும். நியூசிலாந்தில் வாங்கனூயி ஆற்றை அதன் கரையில் வாழும் மாவோரி மக்கள் தங்கள் மூதாதை என்பார்கள், நானே ஆறு, ஆறே நான் என்று சொல்வார்கள். 2017இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஆற்றைச் சட்டப்படி ஒரு நபராகவே ஏற்றுக்கொண்டது. மக்கள் சொன்ன சொல் சட்டத்துக்குள்ளேயே போயிருக்கிறது, நம் படக்குறிப்புக்குள் போகக் கூடாதா?

இடத்தைப் பொறுத்தவரை மாவட்டம் வரை சொல்வேன். ஊற்றுகள், கன்னிமார் கோயில்கள், மூலிகை விளையும் ஓடைகள் இருக்கும் இடத்தைச் சொல்வதில்லை. கைபேசியில் இடம் பதியும் வசதி இயங்கினால், எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கும். வெளியிடும் முன் அதை நீக்கிவிடுங்கள். ஒரு சுனையின் படம் பரவிய ஆறே மாதத்தில் அங்கே பிஸ்கட் உறைகள் மிதந்ததைப் பார்த்தவன் நான். அந்தப் படம் என்னுடையது.

எடுத்த படங்கள் யாருக்குச் சொந்தம்?

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பொதுவாக எடுத்தவருக்கு. படத்தில் இருப்பவருக்கு அந்தச் சட்டம் எதையும் தரவில்லை. ஆகவே அதற்கு மேல் செய்ய வேண்டியது உங்கள் மனதைப் பொறுத்தது.

ஜப்பானின் மினமாட்டாவில் பாதரசத்தால் பாதிக்கப்பட்ட மகளைத் தாய் குளிப்பாட்டும் ஒரு படம் உண்டு, அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் 1971இல் எடுத்தது. அந்த நோயை உலகத்துக்குச் சொன்ன படங்களில் முதன்மையானது. மகள் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, அவள் ஓய்வெடுக்கட்டும் என்று பெற்றோர் விரும்பினார்கள். உரிமையைக் கையில் வைத்திருந்த, யூஜினின் மனைவியாக இருந்த ஐலீன் ஸ்மித் அதை ஏற்று, 1990களின் பிற்பகுதியில் படத்தைப் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார். பல ஆண்டுகள் அது புதிதாக அச்சாகவில்லை. உலகப் புகழ்பெற்ற படத்தையே திருப்பி எடுக்க முடிந்திருக்கிறது. நம்மிடம் ஓர் இருளர் அம்மா வந்து, அந்தப் படம் வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிட வேண்டியதுதான்.

அச்சுப்படம் கொண்டுபோய்க் கொடுக்க மறக்காதீர்கள். வெறும் தாளில் கொடுத்தால் ஒரு மழைக்குக் கூரை ஒழுகி வீணாகிவிடும். லேமினேட் செய்து, மாட்ட ஒரு துளையும் போட்டுக் கொடுங்கள். சில வீடுகளில் இறந்துபோனவரின் ஒரே படம் நீங்கள் கொடுத்ததாக இருக்கும். சாதிச் சான்றிதழுக்கோ வீட்டுமனைப் பட்டாவுக்கோ அலைகிறவர்கள், நாங்கள் இங்கேதான் வாழ்கிறோம் என்று காட்ட உங்கள் தேதியிட்ட படத்தைக் கேட்பார்கள். கேட்டதும் கொடுங்கள்.

அவர்களே எடுத்தால் என்ன?

எடுக்கிறார்கள். கைபேசி இல்லாத குடியிருப்பு இப்போது குறைவு. இரண்டு வருடத்துக்கு முன் ஏரிக்கரைக் குடியிருப்பு ஒன்றில் என் பழைய கேமராவை ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணிடம் பத்து நாள் விட்டுவந்தேன். தண்ணீரை எடு என்று மட்டும் சொன்னேன்.

திரும்ப வாங்கிப் பார்த்தபோது ஏரி இரண்டே படத்தில்தான் இருந்தது. மற்றவை வேறு: ஓட்டை விழுந்த கூரைக்குக் கீழே வரிசையாக வைத்த ஐந்து பாத்திரங்கள். தம்பியின் முதுகில் காயாத சட்டை. இரவில் அம்மா கால் கழுவும்போது வாசல் விளக்கில் தெரிந்த தண்ணீர். அடிகுழாயின் கைப்பிடி, தேய்ந்து வெள்ளையாகிப்போனது. பள்ளியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள், கொஞ்சம் எட்டத்திலிருந்து, கொஞ்சம் கலங்கலாக.

ஏன் இவ்வளவு தூரத்தில் நின்று எடுத்தாய் என்று கேட்டேன். "நான் எப்போதும் அங்கேதான் நிற்பேன் சார்" என்றாள்.